பறியின் விளிம்பில் வேற்றுப் பல்

எழுபது வயதைத் தாண்டிய என் நைனாவுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று நான் ஒன்பது நாள் நம்பினேன். அரைகுறையாக நம்பவில்லை. அங்கே எனக்கொரு தம்பி இருப்பதாகவும், அவனுக்குத் தலைமுடி கொட்டவில்லை என்றும், நாளைக்கு நைனாவின் சாவுக்கு முதல் மாலை யார் போடுவது என்று என்னோடு மல்லுக்கு நிற்பான் என்றும் முடிவு கட்டிவிட்டேன். நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பழவேற்காட்டில் ஆளை ஏற்றினால் பொன்னேரி வரை கையும் காலும் தானாக வேலை செய்யும். தலைக்குத்தான் வேலை இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பறி.

எங்கள் ஆட்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. ஏரியில் தலை மட்டும் வெளியே தெரிய முட்டிபோட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்போம். கை இரண்டும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் பறி. கடித்துக் கடித்து விளிம்பில் பல் பதிந்துவிடும். பத்துப் பறியைக் கரையில் கவிழ்த்து வைத்தாலும் எது யாருடையது என்று எங்களில் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவோம். நைனாவுக்கு முன்பல் போய்ப் பல வருஷம். இடது ஓரத்தால் கவ்வுவார். அவர் பறியில் எலி கொறித்த மாதிரி மூன்றே மூன்று குழி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பறியை வேலியில் மாட்ட எடுத்தேன். மூன்று குழிக்கு எதிர்ப்பக்கம் ஒரு முழு வரிசைப் பல் பதிந்திருந்தது. சின்னச் சின்னப் பல். நடுவில் ஒரு சந்து.

அம்மா முட்டிவலியால் தண்ணீரில் இறங்கி ஆறேழு வருஷம் ஆகிறது. என் மனைவிக்கு எத்துப்பல், அவள் கடித்தால் ஓலையே கிழிந்திருக்கும். (இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அப்படியென்றால் இது யார்?

உடனே எல்லாம் பொருந்தி வந்தது. தை மாசத்திலிருந்து நைனா வெள்ளிக்கிழமை தவறாமல் சுண்ணாம்புக்குளத்துக்கு பஸ் ஏறுகிறார். துவைத்த சட்டை போட்டுக்கொள்கிறார். வெற்றிலை இரண்டு கவுளி வாங்குகிறார். அவர் வெற்றிலையே போடமாட்டார். போனை அணைத்துவிடுகிறார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால், "அங்க தண்ணி நல்லாக்கீது" என்பார். ஒரே ஏரி, இங்கே மட்டும் தண்ணீர் கெட்டுப்போச்சா?

எனக்குப் பயம் நைனாவைப் பற்றி இல்லை, அம்மாவைப் பற்றி. சுண்ணாம்புக்குளம் அவள் பிறந்த ஊர். நாற்பது வருஷமாக அவள் கால் வைக்காத ஊர். அங்கேயிருந்து யார் வந்தாலும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க மழ பெஞ்சுதா?" பெய்தது என்றால் எவ்வளவு, குளம் ரொம்பிச்சா, ஓலை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா என்று நோண்டுவாள். வானிலை ஆபீஸ்கூட அந்த ஊரைப் பற்றி இவ்வளவு விசாரித்திருக்காது. அப்படிப்பட்ட ஊரில் போய் நைனா இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா?

எட்டாம் நாள் துப்பறிய உட்கார்ந்தேன். பறியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், அந்தப் பல்வரிசைமேல் என் பல்லை வைத்துக் கடித்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. சந்துகூட. ஆணி அடித்த மாதிரி அப்படியே நின்றுவிட்டேன். தம்பியேதான்! என் ரத்தமேதான்!

"இன்னாய்யா, பசிச்சா சோறு ஆயிடுச்சி. கூடைய ஏன் துன்ற?" மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வாயில் பறியோடு பதில் சொல்ல முடியாது. அதுவும் நல்லதாகப் போயிற்று. இரண்டு நாள் பட்டினி கிடந்த ஆடு மாதிரி நிற்கிறேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்படித்தான் அம்மா காதுக்குப் போயிற்று.

மறுநாள் காலை அம்மா கையை நீட்டினாள். "அந்தப் பறிய குட்றா."

"ஒண்ணுமில்லம்மா, ஓல பிஞ்சிருக்குதானு..."

"குட்றா இங்க."

கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள். சந்து வந்த இடத்தில் விரல் நின்றது. நைனாவை விட்டுக்கொடுக்காமல், அதேசமயம் தம்பியையும் சபிக்காமல், ஒரு நீளமான ஆறுதலை மனசுக்குள் தயார் செய்திருந்தேன். ஆரம்பித்தேன். "ம்மா, மனுசன்னா தப்பு பண்றதுதான். அந்தப் பையன் இன்னா பண்ணுவான்..."

"எந்தப் பையன்?"

சொன்னேன். பல் பொருந்தியதையும் சொன்னேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "லூசு. ஒங்க நைனா பல்லுல என்னிக்கிடா சந்து இருந்துச்சி? அது எங்க ஊட்டுப் பல்லு. ஒனக்கு எங்கிட்டருந்து வந்தது."

அம்மாவுக்கு மேல் முன்பல் இரண்டும் விழுந்தபோது சந்தும் சேர்ந்து போயிருந்தது. எனக்கு மறந்துவிட்டது. அவள் கூரையில் செருகியிருந்த தன் பழைய பறியை எடுக்கச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். ஒரே குழிகள், ஒரே சந்து.

"எங்கண்ணன் கடிச்சது" என்றாள்.

எனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்பது தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சில்லை. மிச்சத்தை அன்றைக்குத்தான் அம்மா சொன்னாள். அண்ணனும் தங்கையும் சின்ன வயசிலிருந்து சேர்ந்தே தடவியவர்கள், அவர் இடப்பக்கம், இவள் வலப்பக்கம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாக ஒரு வீட்டோடு பேச்சு முடிந்திருந்தது. அம்மா அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பெண் மாமாவுக்கு. அந்தச் சமயம் பார்த்து கோட்டைக்குப்பம் பக்கமிருந்து இறால் தடவ வந்த நைனாவோடு அம்மா கிளம்பிவிட்டாள். மாமாவுக்குப் பேசிய பெண்ணும் இல்லையென்று ஆயிற்று. எங்கள் குலதெய்வம் கன்னியம்மா எதிரில் கற்பூரத்தை அடித்தணைத்து, சாகிறவரை தங்கச்சியோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார். அதற்கப்புறம் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

நைனா வந்ததும் அம்மா பறியை அவர் முன்னால் வைத்தாள். அவர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தை மாசம் அந்தப் பக்கம் போனேன். ஒங்கண்ணன் ஒண்டியா தடவினு இருந்துச்சி. அதோட பறி கிழிஞ்சி தொங்குது. பாத்துட்டு வர மனசு வரல. ஒரே பறிய மாத்தி மாத்தி கடிச்சினு தடவுவோம்."

"பேசுதா?"

"எங்கிட்ட பேசுது. உம் பேரெடுத்தா எழுந்து போயிடுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போவணும்ப. போனா அது மூஞ்ச திருப்பிக்கும். அப்புறம் மழய கூட கேக்கமாட்ட."

அம்மா வெற்றிலையைப் பற்றிக் கேட்டாள். வெற்றிலை மாமாவுக்குத்தானாம். அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் பழைய பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "வாயில பறி இருக்கச்ச யாரும் பேச முடியாது. சத்தியமும் போவாது."

அடுத்த வெள்ளிக்கிழமை என் ஷேர் ஆட்டோவில் முதல் தடவையாக இரண்டே பேர். வழியெல்லாம் முட்டி, ஜுரம், வழுக்கல் என்று நான் புலம்பிக்கொண்டே ஓட்டினேன். "வண்டிய பாத்து ஓட்டு, தம்பிகாரன் வந்து குறுக்க நிக்கப்போறான்" என்றாள் அம்மா.

ஏரியில் ஒரு நரைத்த தலை மட்டும் தெரிந்தது. நைனா பறியைக் கொண்டுபோய் மாமா வாயில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அம்மா புடவையை வரிந்து கட்டி, தன் பழைய பறியை ஓரப்பல்லால் கவ்விக்கொண்டு இறங்கினாள். முட்டிபோட்டு நகர்ந்து அவர் பக்கம் போனாள். தலை திரும்பியது. கரையில் நின்றபடி, மாமா எழுந்து போய்விட்டால் என்ன செய்வது, அம்மாவை எப்படித் தூக்கி வருவது, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்றெல்லாம் கணக்குப் போட்டேன்.

மாமா எழுந்திருக்கவில்லை. சேற்றிலிருந்து கையை எடுக்காமலே இடப்பக்கம் ஒரு முழம் நகர்ந்தார். அம்மா வலப்பக்கம் வந்தாள்.

வெயில் உச்சிக்கு வரும்வரை இருவரும் தடவினார்கள். கரையேறிய பிறகும் மாமா பல்லிலிருந்து பறியை எடுக்கவில்லை. அப்படியே கவ்விக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார். அம்மா அவர் போகிற வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா போகிறாள். இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.