கடைசி வண்டியின் ஹெட்லைட்

அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக ரோலண்ட் பெபிங்டன் தன் காரின் ஹெட்லைட்டுகளைக் கழற்றியபோது, நோரீன் சமையலறை முக்காலியைக் கராஜுக்குத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் இரண்டு முறையும் நின்றுகொண்டேதான் டார்ச் பிடித்தாள். அறுபத்து நான்கு வயதில் இனி யாருக்காகவும் நிற்பதில்லை என்று அவளுடைய முழங்கால்கள் முடிவெடுத்திருந்தன.

"கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு, நோர்."

"காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இருட்டா இருக்கே."

"டார்ச் உன் மூக்குக்கு நேரா இருக்கு, ரோலண்ட்."

அவன் விரலால் தடவி ஸ்க்ரூவின் தலையைக் கண்டுபிடித்து, ஸ்க்ரூடிரைவரை அதில் பொருத்தினான். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்த கை அது. கண் உதவாத இடத்தில் கை போய்விடும்.

நோரீனுக்கு விஷயம் தெரியும். போன வருடமே தெரியும். ஹெட்லைட்டில் ஒரு கோளாறும் இல்லை, பொழுது சாய்ந்தால் இந்த மனிதனுக்குக் கண் தெரிவதில்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணாஸ்பத்திரியில் அவள் இரண்டு தடவை நேரம் வாங்கிக் கொடுத்தும், இரண்டு தடவையும் அவளிடம் சொல்லாமல் போன் போட்டு ரத்து செய்துவிட்டான். ஒரு தடவை டிப்போ நண்பனின் சவ அடக்கம் என்றான். இன்னொரு தடவை காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிரேவன் ஆர்ம்ஸ் ஊர் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் நோரீன் முப்பத்தொரு வருடம் இருந்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் கரண்டியால் மசித்த உருளைக்கிழங்கு வாங்கித் தின்று வளர்ந்தவர்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் மீசை வைத்த ஆட்கள் அவளைக் கண்டால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளாகிவிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இனி ஒரு வருடம் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை என்று சொன்னாள். மறுநாள் காலையில் ரோலண்ட் கராஜிலிருந்து கூப்பிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னான்.

அந்தக் கார் கடையில் வாங்கிய கார் இல்லை. தொண்ணூற்றொன்றாம் வருடம் பதினோரு பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. ஒரு பழைய காரிலிருந்து எஞ்சினைப் பிடுங்கி, பெட்டியில் வந்த சட்டத்தில் வைத்து, மேலே ஃபைபர் உடம்பை மாட்டி, இரண்டு வருடத்தில் ரோலண்ட் அதை ஓட வைத்தான். அந்த இரண்டு வருடமும் சாப்பாட்டு மேசை நோரீனுக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் வான்கோழியைக்கூட மடியில் தட்டு வைத்துத்தான் தின்றார்கள்.

முதன்முதலில் ஹெட்லைட் சுவிட்சைப் போட்ட நாளில் டிப்போ ஆட்கள் ஆறு பேர் பீர் டின்னோடு வந்து நின்றார்கள். விளக்கு எரியவில்லை. இரும்பு உடம்பு என்றால் அதன் வழியாகவே மின்சாரம் திரும்பி வந்துவிடும். ஃபைபரில் வராது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். ஊரில் ஓடுகிற பஸ்ஸெல்லாம் பழுது பார்த்தவன், தன் சொந்த வண்டிக்கு அதை மறந்துவிட்டான். ஒரு வாரம் டிப்போவில் அவனைக் கிண்டலடித்தே தீர்த்துவிட்டார்கள்.

அந்த வண்டியில் சீட்டை முன்னே பின்னே தள்ள முடியாது. சீட்டு போல்ட் அடித்தது. ஆளுக்கு ஏற்றபடி நகர்வது பெடல்கள்தான். வெறும் சட்டமாக இருந்தபோது ரோலண்ட் முதலில் தான் உட்கார்ந்து பென்சிலால் குறி போட்டான், பிறகு நோரீனை உட்கார வைத்து அவள் காலுக்கும் குறி போட்டான். "நீயும் ஓட்டணும்ல" என்று சொல்லி பெடலுக்கு இரண்டு வரிசையாகத் துளை போட்டான். பெடல்களை ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அரை நாள் வேலை. அந்த அரை நாள் ஒருபோதும் வரவில்லை. நோரீன் இருபத்திரண்டு வருடமும் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாள், அவளுடைய துளைகள் தூசி அடைத்துக் கிடந்தன.

இப்படி வீட்டில் கார் கட்டியவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு எல்லோரும் வரிசையாகக் கிளம்பி, வேல்ஸ் எல்லையைத் தாண்டிக் கடற்கரை வரை போய், மீனும் வறுத்த உருளையும் தின்றுவிட்டு, சாயங்காலம் திரும்புவார்கள். குளிர்காலத்துக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற அதே ஞாயிறுதான். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யார் என்று இப்போது யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

மலைச்சாலையில் யாரும் தொலைந்து போகாமல் இருக்க ஒரே ஒரு விதி வைத்திருந்தார்கள். முன்னால் போகிறவனைப் பார்க்காதே, கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் ஹெட்லைட்டைப் பார். அது தெரியவில்லை என்றால் நின்றுவிடு. நீ நின்றால் உனக்கு முன்னால் இருப்பவன் நிற்பான், அவனுக்கு முன்னால் இருப்பவனும் நிற்பான். அதனால் கடைசி வண்டிக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். பதினான்கு வருடமாக அந்தக் கடைசி வண்டி ரோலண்டுடையது. அவனுக்கு அது மேயர் பதவி கிடைத்த மாதிரி.

போன வருடம் திரும்பி வரும்போது ஒரு வளைவில் ரோலண்ட் திருப்பவில்லை. நேராகப் போனான். இடது சக்கரம் புல்லில் இறங்கிக் கல்லில் மோதியது. "இடது!" என்று நோரீன் கத்தினாள். அதன்பிறகு வீடு வரைக்கும் ஒவ்வொரு வளைவையும் அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் சிரித்தான். கார் ரேலிப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இப்படி ஓர் ஆள் பக்கத்தில் உண்டு என்றான். நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச்சில் அவன் சொன்னான், ஹெட்லைட்டுக்கு வயதாகிவிட்டது என்று. பழைய எர்த் ஒயரில்தான் கோளாறு என்று தடித்த ஒயர் இழுத்தான், பல்புக்கு முழு மின்சாரம் போக ரிலே வைத்தான். மீட்டர் வைத்து அளந்தான், எல்லாம் சரி என்று காட்டியது. மீட்டரைத் தட்டிப் பார்த்தான். ஜூலையில் இன்னும் பிரகாசமான பல்பு மாட்டினான். இப்போது அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த எல்.இ.டி. விளக்குகள். பெட்டியின் மேல் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. அதை அவன் படிக்கவில்லை, படிக்க முடிந்திருக்காது.

"போடு நோர், சுவிட்சை."

அவள் எழுந்து போய்ப் போட்டாள். கராஜ் சுவர் வெள்ளையாகப் பளீரென்றது.

"பிரமாதம்" என்றான் ரோலண்ட், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "இப்பத்தான் லைட்டு மாதிரி இருக்கு."

நோரீன் சுவரைப் பார்த்தாள். இத்தனை வருடம் அந்தச் சுவரைப் பார்த்தவளுக்கு அதன் கணக்கு மனப்பாடம். டிம் வெளிச்சம் சுவரில் ஒரு கோடாக விழும். நடைபாதை தெரிவதற்காக அந்தக் கோடு இடது பக்கம், பெயின்ட் டின் அலமாரி இருக்கும் பக்கமாக, மேலே ஏறும். இப்போது அது வலது பக்கம் ஏணி மாட்டியிருக்கும் இடத்துக்கு ஏறியது. எதிரில் வருகிறவன் கண்ணில் நேராக அடிக்கும். சாலையின் வலது பக்கம் ஓட்டுகிற தேசத்துக்காகச் செய்த விளக்கு அது. டிப்போவில் ஒரு பையன் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ரோலண்ட் அவன் காதைத் திருகியிருப்பான்.

அவளுக்கு வளைவு சொல்லி, படிக்கட்டு சொல்லி, தபால் எழுத்து சொல்லி அலுத்துப் போயிருந்தது. ஒரு தடவை இதை வேறு யாராவது சொல்லட்டும். செவ்வாய்க்கிழமை வண்டிக்கு வருடாந்திர எம்.ஓ.டி. தகுதிச் சோதனை. சோதிக்கிறவன் சொல்லட்டும்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் ரோலண்டே ஓட்டிப் போனான், நோரீனும் கூடப் போனாள். பகலில் அவனுக்குப் பிரச்சினை இல்லை. சோதனை செய்யும் மெர்வின், நோரீனின் கரண்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்களில் ஒருவன், பிறகு டிப்போவில் ரோலண்டிடம் வேலை கற்றவன். வெளிச்சம் பார்க்கும் பெட்டியை ஹெட்லைட்டுக்கு முன்னால் உருட்டி வைத்துக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, மறுபடி குனிந்தான்.

"தலைவரே, பிரான்சுல போய்க் குடியேறப் போறீங்களா?"

"ஏன்?"

"இது வலது பக்கம் ஏறுது. பெயிலுதான் போடணும். சுவத்துல அடிச்சுப் பாக்கலையா நீங்க? எனக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

ரோலண்ட் குனிந்து அந்தப் பெட்டிக்குள் பார்த்தான். மெர்வின் நல்ல எண்ணத்தில்தான் மேலே பேசினான்.

"பழச எதுக்குக் கழட்டுனீங்க? போன வருஷம் நான்தான பாத்தேன், அப்பவே அருமையா இருந்துச்சு. இந்த ஊர்ல வர்ற வண்டியில உங்க லைட்டுதான் சுத்தம்." பிறகு நோரீன் பக்கம் திரும்பினான். "நீங்களாவது கவனிச்சிருக்கக் கூடாதா, மிசஸ் பெபிங்டன்?"

"கவனிச்சேன்" என்றாள் நோரீன்.

அதைச் சொன்ன பிறகுதான் ரோலண்டின் முகத்தைப் பார்த்தாள். காதுவரை சிவந்து போயிருந்தான். தன் புருஷனை வெளியாள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம் மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்ததால் அவள் மெர்வினுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு ரோலண்ட் கேட்டான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஒரு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். வளைவு சொல்றேன், பள்ளம் சொல்றேன். லைட்டு இல்ல ரோலண்ட். உன் கண்ணு. எனக்கு பயமா இருக்கு. அதவிட, ரொம்ப அசதியா இருக்கு."

ரயில் போய்க் கேட் திறந்தது. பின்னால் ஒரு வேன்காரன் ஹாரன் அடிக்கும் வரை ரோலண்ட் வண்டியைக் கிளப்பவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள், சாப்பாடு, தேநீர் தவிர வேறு பேச்சு இல்லை. அவன் பழைய ஹெட்லைட்டுகளைத் திரும்ப மாட்டினான். டார்ச் பிடிக்க அவளைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி சோதனையில் தேறியது. ஞாயிறு பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் சாவியை எடுத்தால் பக்கத்தில் ஏறுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏறாமல் அவனைத் தனியாக அனுப்ப முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை பகல் முழுவதும் கராஜில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஞாயிறு காலை அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, ரோலண்ட் காரின் இடது பக்கம் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து சீட்டின் பக்கம்.

"உக்காந்து பாரு" என்றான்.

தரையோடு தரையாக இருக்கிற அந்த வண்டியில் அவள் முனகிக்கொண்டே ஓட்டுகிற சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கிளட்ச் அவள் பாதத்துக்கு வந்திருந்தது. அடிவரை அமுங்கியது. பெடல்கள் அவளுடைய துளைகளில் இருந்தன.

"எட்டுதா?"

"எட்டுது."

"தொண்ணூத்தொண்ணுல அளந்தது" என்றான். "செவ்வாய்க்கெழம கண்ணு டாக்டர். நானே நேரம் வாங்கிட்டேன்."

இதுவும் என் தலையில்தானா என்று ஒரு கணம் அவளுக்கு ஆத்திரம் வந்தது. இன்று அவள் வீட்டில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார விரும்பியிருந்தாள். ஆனால் அவன் அதற்குள் பக்கத்தில் ஏறி, கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தான். அவள் சாவியைத் திருப்பினாள்.

போகும்போது எல்லோரும் கேலி பேசினார்கள். பெரியவர் பதவி இறங்கிவிட்டாரா என்று கேட்டார்கள். "மகாராணி ஓட்டுறா, நான் வேடிக்கை பாக்குறேன்" என்று ரோலண்ட் சமாளித்தான். திரும்பும்போது மலையேறுவதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. நோரீன் ஹெட்லைட்டைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. வேலி தெரிந்தது, கல் தெரிந்தது, தூரத்தில் ஓர் ஆட்டின் கண் தெரிந்தது. முன்னால் பன்னிரண்டு வண்டிகளின் சிவப்பு விளக்குகள் வளைந்து போயின. அவள் இடுப்பும் முழங்காலும் வலித்தன.

நெடுநேரம் கழித்து ரோலண்ட் கேட்டான்.

"ரோடு தெரியுதா?"

"தெரியுது."

"எதுவரைக்கும்?"

"அந்தக் கடைசி வளைவுவரைக்கும்."

அவன் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப, லைட்டு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான்.

வண்டியை ஓரமாக நிறுத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழ வேண்டும் என்று நோரீனுக்கு இருந்தது. ஆனால் கடைசி வண்டி நின்றால் முன்னால் பன்னிரண்டும் நின்றுவிடும். அவள் கியரை மாற்றி ஓட்டிக்கொண்டே போனாள்.