நீலம் பூசிய கட்டிகள்

என் அண்ணன் காசிமேட்டில் ஓர் இரும்புப் படகின் டிரைவராக இருந்தான். ஆண்டுப் பராமரிப்பு வேலைக்காகப் படகைக் கரையேற்றிய அன்று அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். படகின் பின்பக்கம், சுக்கானை ஒட்டி, செங்கல் அளவில் நான்கு துத்தநாகக் கட்டிகள் இருந்தன. துறைமுகத்தில் அதற்கு ஜிங்க் என்று பெயர். உப்புத்தண்ணீர் படகின் இரும்பை விட்டுவிட்டு முதலில் இதைத் தின்னும். கரைந்துபோவதுதான் அதன் வேலை. கரைந்ததும் வேறு மாட்ட வேண்டும்.

புது நீலப் பெயிண்டுக்கு நடுவே அந்தச் சாம்பல் திட்டுகள் முதலாளியின் கண்ணை உறுத்தின.

“இன்னாபா இது, தேமல் மாறி கீது? அதுமேலயும் ஒரு கோட்டு இழு” என்றார் பெயிண்டரிடம்.

அண்ணன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தான். “மொதலாளி, ஜிங்க்மேல பெயிண்ட் அடிச்சா அது வேல செய்யாது.”

“உன் வேல இஞ்சினு. அத்த பாரு நைனா.”

பெயிண்டர் பூசினார். படகு கடலில் இறங்கியது.

மறு வருடம் நடுக்கடலில் சுக்கான் திரும்பவில்லை. படகில் ஏழு பேர். இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. கரையேற்றியபோது நானும் போயிருந்தேன். சுக்கான் தகட்டில் விரல் நுழையும் ஓட்டைகள். அதன் தண்டு பாதியாக மெலிந்து முறிந்திருந்தது. நான்கு கட்டிகள் மட்டும் ஓரம்கூட மழுங்காமல் நீலமாக இருந்தன.

முதலாளி ஒன்றைத் தட்டிக் காட்டினார். “பாரு, ஜிங்க் புச்சு மாறி கீது. இவன் எங்கியோ பாறைல இட்ச்சிட்டு வந்து கத வுடறான்.”

“அது தேயாம புச்சா கீதே, அதான் மொதலாளி பேஜாரே” என்றான் அண்ணன்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “இன்னா மாமு, தேஞ்சாலும் குத்தம், தேயலன்னாலும் குத்தமா?” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணனை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார் முதலாளி.

பாறையில் மோதிய தகடு நசுங்கும், சல்லடையாகாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவரவர் படகுக்குத் திரும்பிப் போனார்கள். பாறையில் மோதியவன் என்ற பேச்சு அண்ணனுக்கு முன்னால் ஒவ்வொரு படகுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து, படகில் கிடந்த அவன் துணிமணிகளை எடுத்துவரப் போனேன். படகுக்குப் புதுச் சுக்கான், புதுக் கட்டிகள். பெயிண்ட் வேலை நடந்தது. நான்கு கட்டிகள்மேலும் செய்தித்தாளைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள்.

“அதுமேல ஒரு சொட்டு பட்ச்சி, கைய ஒட்ச்சிருவேன்” என்று பெயிண்டரிடம் கத்திக்கொண்டிருந்தார் முதலாளி.

“அப்ப எங்கண்ணன் சொன்னது சரிதானே?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “அது வேற மேட்டரும்மா. அவன் எடத்துக்கு புது டிரைவர் வந்துட்டான்ல?”