வெள்ளாட்டு மாஸ்டருக்கு டிரான்ஸ்பர்

நரியின் கோட்டுப் பித்தானைத் துணியால் துடைத்தபடியே, "இவரு சந்திரகிரியில பிளாட்டு போட்டு விக்கிறவரு சார். இவரு பேச்ச மட்டும் நம்பிடாதீங்க" என்றாள் பிரமிளா. படம் வாங்க வந்தவர் தன்னை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்த நரியையே வாங்கிக்கொண்டு போனார்.

சித்தூர் கடைத்தெருவில் பிரமிளா வைத்திருப்பது ஃபிரேம் கடை. சாமி படம், காலமானவர் படம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவாள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: கோட்டு போட்ட நரி, மூக்குக்கண்ணாடி ஆந்தை, கவுன் அணிந்த முள்ளம்பன்றி. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்கு யாரோ வரைந்தவை. இன்டர்நெட்டில் கண்டெடுத்துக் கெட்டித் தாளில் பிரிண்ட் போட்டு மாட்டினாள். புது அபார்ட்மென்ட்காரர்களும் காபிக் கடைக்காரர்களும் ஆசையாக வாங்கிப்போகிறார்கள். யானை முகத்தையும் குதிரை முகத்தையும் பன்றி முகத்தையும் கும்பிட்டுப் பழகிய ஊர் இது. கோட்டு போட்ட முயலைக் கண்டு யாரும் திடுக்கிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

ஊர் பேர் தெரியாத ஆளைச் சுவரில் ஏற்ற பிரமிளாவுக்கு மனசு வராது. ஆந்தை, புத்தலப்பட்டு மண்டல ஆபீஸ் சூப்பரிண்டென்ட். "மத்தியானம் போனா தூங்கிக்கினு இருப்பாரு." முள்ளம்பன்றி அம்மாளுக்குக் "கோவம் ஜாஸ்தி, ஆனா கொழம்பு வெச்சா தெருவே மணக்கும்." இதையெல்லாம் நிஜமாகவே நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் காலையில் கடை திறந்ததும் சூப்பரிண்டென்டுக்கு ஒரு வணக்கம் வைக்காமல் வேறு வேலை தொடமாட்டாள்.

எல்லோரிலும் அவளுக்கு நெருக்கம், பல் தெரியச் சிரிக்கும் வெள்ளாடும் குடை பிடித்த வாத்தம்மாவும்தான். ஆடு கணக்கு மாஸ்டர், வாத்து தெலுங்கு டீச்சர், இருவரும் கவர்மென்ட் ஸ்கூல். வேறு வேறு புத்தகத்திலிருந்து வந்தவர்கள். பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் கல்யாணம் செய்துவைத்தவள் பிரமிளா.

அவள் புருஷன் முரளி ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கேயே பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை வருவான். "ஒரு தபா நீ வாயேன்" என்பான் போனில். "கடைய யாரு பாப்பாங்க? நீ இல்லாம நான் இன்னா வாடிப் பூட்டேனா?" என்பாள் இவள். வாடித்தான் போயிருந்தாள். அதை அவனிடம் சொல்வாளா? ஆட்டு மாஸ்டரிடம்தான் சொல்வாள்.

போன சனிக்கிழமை, திருப்பதியில் பல் ஆஸ்பத்திரி திறக்கப்போகும் டாக்டர் ஸ்ரீவல்லி காரில் வந்து இறங்கினாள். வெள்ளாட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஆட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லே கிடையாது, தெரியுமா? வரைஞ்சவர் முழு செட்டும் கட்டி விட்டிருக்கார்! என் ரிசப்ஷனுக்கு இதுதான் வேணும்."

"ஜோடியாத்தான் குடுப்பேன் மேடம்."

"வாத்துக்குப் பல்லே இல்லையேம்மா. அதைப் பல் ஆஸ்பத்திரில மாட்டி நான் என்ன பண்றது?"

"ரெண்டு பேரும் டீச்சருங்க மேடம். ஸ்பவுஸ் கேஸு. புருஷனயும் பொண்டாட்டியயும் பிரிச்சி போஸ்டிங் போட கவர்மென்ட்டே ரோசன பண்ணுது. நீங்க இன்னாடான்னா மாஸ்டர மட்டும் திருப்பதிக்கு டிரான்ஸ்பர் பண்றேன்றீங்க."

ஸ்ரீவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். பிரமிளா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சுவத்துல ஒரு படத்துக்குத்தான் இடம் இருக்கு. வேற எங்கயாவது பாத்துக்கறேன்" என்று தயங்கியபடி திரும்பினாள்.

பிரமிளா பதறிப்போனாள். "இருங்க மேடம்! பல்லு இல்லாதவங்கதான உங்காண்ட வரப்போறாங்க? கட்றதுக்கு மின்ன டீச்சரு, கட்டுனப்பறம் மாஸ்டரு. ஒரே சட்டத்துல போட்டுத் தரேன்."

டாக்டர் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அது அவளுக்கே நல்ல விளம்பரமாகப் பட்டது.

பிரமிளா பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, இரண்டு தாளின் ஓரத்தையும் நறுக்கி, ஒட்டவைத்தாள். வாத்தம்மாவின் குடை மாஸ்டரின் கொம்பில் போய் இடித்தது. "கொஞ்சம் நெருக்கமா இருக்கே" என்றாள் ஸ்ரீவல்லி. "இருக்கட்டும் மேடம், அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள் பிரமிளா.

அடுத்த கவலை கார். பின்சீட்டில் சாய்த்துவைத்தால் முதல் வேகத்தடையிலேயே கண்ணாடி தெறித்துவிடும். யாராவது மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். "நான் எடுத்தாரேன் மேடம்" என்று சொல்லிய பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது பிரமிளாவுக்கே உறைத்தது. திருப்பதி போய்விட்டால் அங்கிருந்து ஸ்ரீ சிட்டிப் பக்கம் பஸ் இருக்கிறது.

வாசலில் டாக்டர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க, முரளிக்குப் போன் போட்டாள். "இன்னிக்கி நான் அங்க வரேன்."

"இன்னா ஆச்சி? யாராச்சும் பூட்டாங்களா?"

"யாரும் பூடல. நான்தான் வரேன்."

முரளிக்குச் சந்தோஷத்தில் நாக்கு குழறியது. "வா வா... ஆனா பிரமி, ரூம்ல ஒருத்தர் படுக்கற கட்டிலுதான் கீது."

"அகலம் எத்தினி இஞ்சு?"

அந்தப் பக்கம் எதையோ நகர்த்துகிற சத்தமும், முரளி சாண் சாணாக எண்ணுகிற முனகலும் கேட்டன. "முப்பது இருக்கும்" என்றான்.

பிரமிளா சட்டம் அளக்கும் டேப்பை முப்பது வரைக்கும் இழுத்துத் தன் முன்னால் பிடித்து, தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டு பேருக்குப் பத்தும்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினாள்.