கொள்ளுக்குப் பிடிபடாத இரத்தம்

பல்கலைக்கழகத்தைக் காலவரையறையின்றி மூடிவிட்டார்கள். எண்பதுகளின் பின்பாதி, நாட்டில் கலவரக் காலம் அது. இறுதியாண்டு ஆய்வைப் பாதியில் விட்டு, ஒரு குறிப்புக் கொப்பியோடு கல்முனைக்கு வந்து சேர்ந்தேன். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க என்னால் முடியவில்லை.

என் ஆய்வு கொள்ளுப் பயறு பற்றியது. கொள்ளு விதையில் லெக்டின் என்றொரு புரதம் உண்டு. அதில் சிறு குழிகள் இருக்கும். குறிப்பிட்ட ஒரு சர்க்கரைதான் அந்தக் குழியில் பொருந்தும். ஏ வகை இரத்தத்தின் செங்குழியங்கள், அதாவது சிவப்பணுக்கள், அந்தச் சர்க்கரையை மேலே சுமந்திருப்பவை. புரதம் ஒரு குழியால் ஒரு செங்குழியத்தையும் மறு குழியால் இன்னொன்றையும் பிடிக்க, இரத்தம் திரண்டுவிடும்.

ஆய்வை வீட்டிலேயே தொடர்ந்தேன். உம்மாவின் அம்மியில் கொள்ளுப் பயறை அரைத்து, உப்புநீரில் ஊறவைத்து வடிப்பேன். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. வெயிலில் மத்தியானத்துக்குள் அது புளித்துவிடும். அதனால் காலையிலேயே போத்தலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்த தமிழ் அக்கா, எனக்கு மூத்தவரான ராத்தாவோடு படித்தவர். சோதித்து மிஞ்சிய இரத்தத்தில் சில துளிகள் தருவார். கண்ணாடித் துண்டில் ஏ வகை ரவை ரவையாகத் திரண்டது. மற்றவை அப்படியே கிடந்தன.

மூன்றாம் நாள் என் விரலைக் குத்தினேன். நானும் ஏ வகைதான். திரளவில்லை.

உப்பு கூடியதோ என்று மாற்றினேன். புதுக்கொள்ளு வாங்கினேன். மற்றவர்களின் ஏ திரண்டது, என்னுடையது மட்டும் மறுத்தது. சோறு இறங்கவில்லை. கல்யாணப் பேச்சில்தான் மனம் கெட்டிருக்கிறேன் என்று உம்மா நினைத்தார்.

கடைசியில் அக்கா இரத்த வகை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தில் ஒரு துளி சேர்த்து என் இரத்தத்தைச் சோதித்தார். உடனே திரண்டது.

"நீங்க ஏ வகைதான் தங்கச்சி. ஏயிலயும் ரெண்டு சாதி இரிக்கி. உங்கட குழியத்தில அந்தச் சீனி குறைவு. அதுதான் கொள்ளுக்குப் பிடிபடல்ல."

அதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். என் விரலில் இருக்கும் என்று ஒருபோதும் யோசித்ததில்லை.

வாப்பாவும் ஏ வகை. வட்டையில் வயல்வேலை முடித்து வந்தவரிடம் ஒரு துளி இரத்தம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் விரலை நீட்டினார். அதுவும் திரளவில்லை. விளக்கிச் சொன்னதும் கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் நெடுநேரம் சாய்த்துப் பார்த்தார்.

"அப்ப இது என்ட பக்கத்தால வந்தது."

"ஓம் வாப்பா."

"இன்னும் எவ்வளவு படிக்கக் கிடக்கு?"

ஆய்வையும் பரீட்சையையும் முடித்தால் போதும் என்றேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பொறுக்கச் சொல்லி அவரே ஆளனுப்பினார். அவர்கள் பொறுக்கவில்லை; வேறிடத்தில் முடித்துக்கொண்டார்கள். உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பல்கலைக்கழகம் ஒருவழியாகத் திறந்தது. வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வியில் என்னை நிறுத்தினார். கொள்ளுச் செடி மனித இரத்தத்தைக் கண்டதே இல்லை. அதற்கு இந்தப் புரதம் எதற்கு?

விதையைப் பூச்சி தின்னாமல் காக்க என்று சிலரும், வேர்முடிச்சில் குடியேறும் பக்டீரியாவை அடையாளம் காண என்று சிலரும் சொல்கிறார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றேன். தனக்கும் தெரியாது என்று சொல்லி என் ஆய்வேட்டில் கையெழுத்திட்டார்.

பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். விடுதிக்கு நடந்தபோது சந்தோஷம் வரவில்லை. அந்தக் கேள்விதான் கூடவே வந்தது.