இறாலுக்குப் போடும் கையுறை

இரண்டு வாரத்துக்கு முன்னால், ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், பத்துப் பேர் பார்க்க நான் திட்டு வாங்கினேன். அப்பப்பா... அப்படி ஒரு திட்டு! வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? இல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என் மனைவி கீதாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். வயிற்றில் ஒரு சாண் தையல். நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் வெளியே வந்து ஒன்று சொன்னார்.

"மேடத்துக்கு சுகர் ஜாஸ்தி சார். குடல் மறுபடி பிதுங்காம இருக்க உள்ளே வலை வச்சுத் தச்சிருக்கோம். இன்ஃபெக்‌ஷன் மட்டும் ஆகக் கூடாது. ஆச்சுன்னா மறுபடி திறந்து வலையை எடுக்க வேண்டி வரலாம்."

மறுபடியுமா? ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவள் கீதா!

விடுவேனா நான்? கீழே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, ஒரு பெட்டி கையுறை வாங்கினேன். மறுநாள் காலையில் மாட்டிய ஜோடியை மத்தியானம் வரை கழற்றவே இல்லை. எவ்வளவு உஷார் பாருங்கள்! அந்தக் கையோடு லிஃப்ட் பட்டனை அமுக்கினேன். ஆபீசுக்கு போன் பேசினேன். கேன்டீனில் இட்லிப் பொட்டலம் வாங்கினேன். திரும்பி வந்து, கட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க பிளாஸ்திரி ஓரத்தில் விரலை வைத்தேன்.

"யோவ் சார்! எடு கைய!"

பக்கத்துப் படுக்கையிலிருந்து வந்தது குரல். இடுப்பு உடைந்த மாமியாருக்குத் துணையிருந்த செல்வி. காசிமேட்டில், ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவர்.

"ஏம்மா, க்ளவுஸ்தான் போட்டிருக்கேனே?" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

"அதான் சார் பேஜாரே! காலீலருந்து அந்த ஒரே க்ளவுஸ மாட்டிக்கினு சுத்திக்கினு கீற. லிஃப்டு, போனு, இட்லி... அல்லாத்தையும் தொட்ட. அதே கைய இட்டாந்து அக்கா தையல்ல வைக்கிற. அந்தக் கலீஜெல்லாம் எங்க போவும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது.

"எங்க ஷெட்ல தலைய சொறிஞ்சாலே போதும், டேபிள வுட்டு எந்திரிச்சிப் போயி, கை கழுவி, வேற க்ளவுஸ் மாட்டிக்கினுதான் வரணும். க்ளவுஸ் இன்னாத்துக்குன்னு நெனச்ச? நம்ம கை நாறாம இருக்கவா? நம்ம அழுக்கு எறா மேல ஒட்டாம இருக்க சார்! ஒருத்தி தப்பு பண்ணா மொத்த லோடும் திரும்பி வந்துரும்."

அசந்துபோனேன். உறை என்றால் என் கைக்குக் காவல் என்று மட்டும்தானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்? எதிரில் இருப்பவருக்கும் அது காவல் என்பது எனக்குத் தோன்றவே இல்லையே!

"நல்லா சொல்லு செல்வி, வீட்லயும் இவர் இப்படித்தான்" என்றாள் கீதா. சிரிக்கப் போய்த் தையல் இழுக்க, "அம்மா..." என்று முனகினாள்.

கழற்றிப் போட்டுவிட்டுக் கழுவப் போனேன். செல்வி பின்னாலேயே வந்து நின்றார். "கட்ட வெரல வுட்டுட்ட பாரு... நகத்துக்குள்ள..." பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இப்படிச் சோதித்ததில்லை.

ஆனால் நிஜமான சங்கதி அதற்கடுத்த நாள்தான் நடந்தது.

கட்டு மாற்ற இளம் டாக்டர் ஒருவர் வந்தார். புது உறை மாட்டி, பழைய கட்டைப் பிரித்தார். தையல் மறைப்பில்லாமல் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. உறைக் கையாலேயே எடுத்தார், பேசினார், பைக்குள் போட்டார். அதே கை கீதாவின் வயிற்றை நோக்கிப் போனது.

நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரைப் போய் எப்படி...? அவர் கோபித்துக்கொண்டால்?

"டாக்டர் சார்," என்றார் செல்வி. "கை."

நர்ஸ் தரையைப் பார்த்தார். டாக்டர் தன் கையைப் பார்த்தார். முகம் சிவந்தது. போச்சு, செல்வியை வெளியே அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஸாரிம்மா," என்றார். "நல்லவேளை சொன்னீங்க."

உறையைக் கழற்றினார். கையைச் சுத்தம் செய்தார். புது ஜோடி மாட்டிக்கொண்டு வந்தார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது!

அப்புறம் அந்த வார்டைப் பார்த்திருக்க வேண்டுமே! தண்டையார்பேட்டையிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்த பெரியவர் முதல், சாப்பாடு கொண்டுவரும் அண்ணன்வரை, உள்ளே நுழையும் யாரும் செல்வியைத் தாண்ட முடியவில்லை. "கை?" அவ்வளவுதான் கேள்வி. வாஷ்பேசின் முன்னால் வரிசை!

கீதாவுக்கு சுகர் இறங்காததால் வீட்டுக்கு அனுப்பவில்லை. பத்தாம் நாள் தையல் பிரிக்க அதே டாக்டர் வந்தார். கீதா என் கையை நசுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். டாக்டர் கட்டைத் தொடுவதற்கு முன்னால், உறை மாட்டிய இரண்டு கையையும் செல்வி பக்கம் விரித்துக் காட்டினார்.

"ம்... ஓகே சார், போ," என்றார் செல்வி.

கட்டு பிரிந்தது. தையல் காய்ந்திருந்தது! சிவப்பு இல்லை, சீழ் இல்லை, ஒன்றுமே இல்லை! "க்ளீன்" என்றார் டாக்டர். கீதா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மறுபடி ஆபரேஷன் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அழுதாள். நானும்தான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்... செல்வி முறைத்தார். போய்க் கழுவிவிட்டு வந்து அழுதேன்.

இருபத்தாறு வருஷமாக என் மனைவிக்கு நான் தராத மரியாதையை, காசிமேட்டில் ஓர் இறாலுக்கு தினமும் தந்துகொண்டிருக்கிறார்கள்!