சுயவிபரக்கோவையில் வெட்டிய ஆறு வரிகள்

என் மகள் எழுதிய சுயவிபரக்கோவை ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருந்தது. ஆங்கிலத்தில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாள். அரை ஆயுளைப் பத்திரிகை வேலையில் கழித்தவனிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. நான் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் இறுதி வருடம். அக்சுவரி ஆக வேண்டும் என்பது அவள் தானாக எடுத்த முடிவு. எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று பார்த்து, காப்புறுதி நிறுவனம் இன்று எவ்வளவு வாங்கினால் நாளைக்குச் சொன்னபடி கொடுக்கலாம் என்று கணிப்பவரே அக்சுவரி. அன்புவழிபுரத்தில் எங்கள் அயலுக்கு அவள் ‘இன்சூரன்சுக்குப் படிக்கிற பிள்ளை’. முன்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்:

“அப்ப ஆள் பிடிச்சுச் சேர்க்கிற வேலைதானே பிள்ளை?”

“இல்லை மாமா. நீங்கள் எப்ப போவியள் எண்டு பார்க்கிற வேலை.”



கொழும்பில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனம் வருடத்துக்கு ஒருமுறை பயிலுநர்களை எடுக்கிறது. அக்சுவரிப் பரீட்சைகளை நடத்துவது வெளிநாட்டு அமைப்பு. கட்டணமும் வெளிநாட்டுப் பணத்தில். இரண்டு பரீட்சைக்கு நாங்கள் கட்டினோம். இரண்டிலும் சித்தி, ஒன்றில் இரண்டாம் தடவை. மூன்றாவதற்குக் கட்ட எங்களிடம் வழியில்லை. பயிலுநர் இடம் கிடைத்தால் நிறுவனம் கட்டும். கிடைக்காவிட்டால் அவள் இரண்டோடு நிற்பாள்.

அவளுடைய தாள் எனக்குப் பழக்கமான எந்தத் தாளைப் போலவும் இருக்கவில்லை. பெயருக்கு அடுத்த வரியிலேயே பரீட்சைகள். தோற்ற தடவையையும் மறைக்கவில்லை. பிறகு பட்டப்படிப்பு, தெரிந்த கணினி மொழிகள். அதற்குக் கீழே ஆறு வரிகளில் எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தில் அவள் செய்த வேலை. தகப்பன் பெயர் இல்லை. மதம் இல்லை. பாடசாலையில் மாணவத் தலைவியாக இருந்தது இல்லை. வலைப்பந்து அணியில் மாவட்டத்துக்கு விளையாடியதும் இல்லை.

என் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “இஞ்சேருங்கோ, நட்சத்திரத்தையும் போட்டுவிடுங்கோவன். ஒரே தாளில ரெண்டு அலுவலும் முடியும்.”

“அம்மா, நான் வேலைக்குப் போறன். கலியாணத்துக்கு இல்லை.”

“அங்க நல்ல பெடியன் ஆரும் இருந்தால்?”

“இருந்தால் அவரிட்டையும் எத்தனை பரீட்சை பாஸ் எண்டு கேக்கிறன்.”

அந்த ஆறு வரிகளின் கதை இது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கும் மீன்பிடிக் குடும்பங்களும் துறைமுகத்தில் வேலை செய்த குடும்பங்களும் சேர்ந்து நடத்துவது அந்தச் சங்கம். மாதச் சந்தா கட்டினால், உறுப்பினர் இறந்த வீட்டுக்குக் கூடாரமும் கதிரைகளும் ஒரு தொகைப் பணமும் வரும். பல்கலைக்கழகம் பல மாதம் மூடிக் கிடந்தபோது மகள் அந்தச் சங்கத்தின் பழைய பதிவேடுகளை வாங்கி வந்தாள். ஒவ்வொருவரும் எந்த வயதில் சேர்ந்தார், எந்த வயதில் இறந்தார் என்று கணினியில் ஏற்றினாள். சுனாமி வருடத்தைத் தனியாக வைத்தாள்.

ஏற்றிக்கொண்டு போகும்போது தொண்ணூற்றாறு வயதில் ஒரு கடற்றொழிலாளி அகப்பட்டார். சந்தா ஒரு மாதமும் தவறவில்லை. விசாரித்தபோது, அவர் யுத்தகாலத்தில் ஒரு காலை வீட்டிலிருந்து போய்த் திரும்பி வராதவர் என்று தெரிந்தது. அவருடைய மனைவியும் பிறகு மகளும் அவர் பெயரில் சந்தா கட்டி வந்திருக்கிறார்கள். கட்டுவதை நிறுத்தினால் அவர் செத்துவிட்டார் என்று தாங்களே சொன்னதாகிவிடும். சங்கமும் வாங்கிக்கொண்டது. அப்படிப்பட்ட பெயர்கள் பதிவேட்டில் மேலும் இருந்தன.

சங்கச் செயலாளர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீடு தேடி வந்து மகளிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

“பிள்ளை, அவரைச் செத்ததெண்டு மட்டும் போட்டுடாதை. அவற்ற மகளுக்கு நான் முகம் குடுக்க ஏலாது.”

“போடேல்லை மாமா. உயிரோட இருக்கிறார் எண்டும் போடேல்லை. கடைசியா அவரைக் கண்ட நாளோட நிப்பாட்டுறன். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

செயலாளர் கேட்டார்: “அப்பிடி எழுத ஒரு முறை இருக்கோ?”

“ஓம் மாமா, இருக்கு.”

“இவ்வளவு நாளும் அது எங்களுக்குத் தெரியாமப் போச்சே,” என்றார்.

அவளுடைய ஆறு வரிகளில் இதுதான் இருந்தது. சங்கத்தின் உறுப்பினர் பதிவுகளிலிருந்து வயதுவாரியாக இறப்பு அட்டவணை தயாரித்ததும், காணாமற்போன உறுப்பினர்களைக் கடைசியாகக் கண்ட நாள்வரை மட்டும் கணக்கில் எடுத்ததும், சந்தா போதாத வயதுப் பிரிவை அடையாளம் காட்டியதும். நான் அந்த ஆறு வரிகளுக்கும் குறுக்கே கோடு போட்டேன்.

ஏன் என்று கேட்டாள். சாவீட்டுச் சங்கம் கொழும்பில் எடுபடாது என்றேன். அது காரணம் அல்ல. என் கை நின்றது ‘காணாமற்போன’ என்ற சொல்லில். யுத்தகாலத்தில் நான் இந்த நகரத்திலிருந்து செய்தி அனுப்பியவன். எந்தச் சொல் கொழும்புக்குப் போகலாம், எந்தச் சொல் போனால் இரண்டு நாள் கழித்து யாரோ வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கொல்பவர் எவரானாலும் ‘இனந்தெரியாதோர்’ என்று எழுதினேன். போய்த் திரும்பாதவர்களைப் பற்றி எழுதாமலே விட்டேன். யாரும் வந்து என் செய்தியை வெட்டியதில்லை. நானே வெட்டி அனுப்பியதால் அதற்குத் தேவை வரவில்லை. அந்தக் காலம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பேனைக்கு அது தெரியவில்லை.

“பிள்ளை, இது கொழும்புக்குப் போற தாள். ஆர் கையில கிடைக்கும் எண்டு சொல்ல ஏலாது.”

“அப்பா, அதில என்ன பிழை? கணக்குத்தானே.”

“நான் சொல்றன்.”

எங்கள் வீட்டில் நான் அப்படிச் சொன்னால் அதோடு கதை முடியும். வெட்டிய இடத்தில் மாணவத் தலைவியையும் வலைப்பந்தையும் தமிழ்த்தினப் போட்டியையும் போட்டேன். அவளைத் தெரிந்த இருவரின் பெயர் கேட்ட இடத்தில் சங்கச் செயலாளரை நீக்கிவிட்டு, ஓய்வுபெற்ற ஓர் அதிபரையும் ஒரு சமாதான நீதவானையும் எழுதினேன். இருவரும் என்னைத்தான் அறிவார்கள். தாள் அழகாக வந்தது.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். இணையத்தில்தான். முன்னறையில் மடிக்கணினியை வைத்து, சத்தம் கேட்கும் என்று காற்றாடியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். நான் குசினியில் நின்றேன். கேட்பவர்கள் இருவர்: ஒரு பெண், ஓர் ஆண். எல்லாம் ஆங்கிலத்தில். நிகழ்தகவில் இரண்டு கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

பிறகு அந்தப் பெண் கேட்டார். உண்மையான தரவோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? தாளில் விளையாட்டுத்தான் தெரிகிறது.

மகள் சங்கத்தைப் பற்றிச் சொன்னாள். தொண்ணூற்றாறு வயதுக்காரரைச் சொன்னாள். அவர் பெயரில் சந்தா ஏன் வருகிறது என்று சொன்னாள். அவரை எப்படிக் கணக்கில் எடுத்தாள் என்று சொன்னாள். அந்தப் பெண் இடைமறித்து மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் ஆர்வத்தில் கேட்டவை. அந்த நேரம் நான் கண்டது என் மகளின் முதுகை மட்டும். நிமிர்ந்திருந்தது.

ஆண் குரல் சொன்னது: “இது எதுவும் நீங்கள் அனுப்பியதில் இல்லையே.”

“இல்லை.”

“அனுப்பிய பிறகு செய்ததா?”

“இல்லை, அதற்கு முந்தியே.”

“பிறகு ஏன் இல்லை?”

 நான் குசினியில் விநாடிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்து வரை வந்தது.

“நான்தான் விட்டுவிட்டேன்,” என்றாள்.

“முக்கியமானதை விட்டுவிடுவது இந்த வேலையில் சின்ன விஷயம் இல்லை,” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதிபரோடு தொலைபேசியில் கதைத்ததாகவும், அவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று சொன்னதாகவும், என்ன படித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு கேள்விகள் சுருக்கமாக இருந்தன.

பன்னிரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வசனம். தங்கள் தேவைக்கு இன்னும் பொருத்தமானவர்களைத் தெரிவு செய்துவிட்டார்கள். அவளுடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்து. மனைவி அழுதார். மகள் அழவில்லை.

“நீங்கள் அனுப்பின தாளில இருந்த பிள்ளைக்கு நானும் வேலை குடுத்திருக்க மாட்டன் அப்பா,” என்றாள்.

நான் அவர்களுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னேன். நடந்ததை விளக்கினால் ஒருவேளை மறுபடி பார்ப்பார்கள்.

“என்னண்டு எழுதுவியள்?”

“உள்ளதை எழுதுறன்.”

எழுத உட்கார்ந்தேன். நான் பத்திரிகையாளன் என்றும், மகளின் தாளைத் திருத்தியது நான் என்றும், அந்த ஆறு வரிகளையும் நீக்கியது நான் என்றும் எழுதினேன். அடுத்து காரணம் வர வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன். மூன்றாவது முறை, ‘இடம் போதாமையால் நீக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

அவள் தேநீர் கொண்டு வந்தவள் பின்னால் நின்று வாசித்தாள்.

“இடம் இருந்தது அப்பா. அதிலதானே வலைப்பந்தைப் போட்டனீங்கள்.”

கடிதம் போகவில்லை. அவள் இப்போது நகரத்தில் ஒரு டியூட்டரியில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். மூன்றாவது பரீட்சைக்குப் பதிய வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வகுப்புக்குப் போய் வழமையான நேரத்துக்குத் திரும்பினாள். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள். அந்தத் திகதி பதியாமலே கடந்து போனது.