மீன் பெட்டியில் போன சளி டப்பாக்கள்

போன மாதம் பழவேற்காடு மீன் சந்தையில் அந்தத் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்தேன். மூலை உடைந்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ஐஸுக்கு நடுவே மடவை மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மூடியில் பச்சைப் பெயிண்டில் எழுதிய ‘மீன் இல்ல’ மட்டும் இன்னும் அழியவில்லை.

எழுதியவர் மாத்திரை பாய். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு காசநோய்த் திட்டத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். மாத்திரை அரசாங்கத்துடையது. அதை ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பங்களுக்குக் கொண்டுபோய்க் கண்ணெதிரே விழுங்க வைப்பதும், விடாமல் இருமுகிறவர்களின் சளியை டப்பாவில் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவதும் எங்கள் பாடு. பாய் போவார்; நான் பொன்னேரி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதை அட்டவணையாக்குவேன். சளி கெடாமல் இருக்கக் கொடுக்க வேண்டிய குளிர்பெட்டி வரவேயில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பாய், சந்தையில் ஒரு மீன் பெட்டியை வாங்கி ஐஸ் நிரப்பிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் “இன்னா மீனு பாய்?” என்று மூடியைத் திறக்கப் போவார்களாம். அதற்குத்தான் அந்த எழுத்து.

ஏரியில் வலை கட்டுவதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். நல்ல இடங்களை ஊர் கூடிப் பங்கு போட்டு, இன்றைக்கு இன்னார் என்று வைத்திருப்பார்கள். உன் பாடு நாளில் நீ போகவில்லையென்றால் அந்த முறை போனதுதான். அடுத்த சுற்று வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். காய்ச்சல், இருமல் எதுவும் அங்கே செல்லாது. பாய்க்கு இது தெரியும். எந்தக் குப்பத்துக்கு என்றைக்குப் பாடு என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு, படகு வாடகைக்கு எடுத்து, வலை கட்டுகிற இடத்துக்கே போய் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டுவார். அந்த வாடகைதான் எங்கள் கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நோயாளியைக் குணப்படுத்த ஆகும் செலவு என்ற கட்டத்தில், பஸ் போகிற ஊர்கள் சாதுவாக இருக்கும். ஏரிக் குப்பங்களின் வரிசை மட்டும் சிவப்பாக எரியும்.

நிதி கொடுப்பவர்கள் செலவுக்கேற்ற பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழுவை அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. பாய் கைப்பேசியில் கெஞ்சினார்.

“செவ்வாக்கெழம வாணாம் மேடம். அன்னிக்கு அவங்களுக்குப் பாடு. ஊர்ல ஒரு ஆம்பள இருக்கமாட்டான். பொதங்கெழம இட்டுனு வாங்க.”

புதன்கிழமை அவர்களுக்கு விமானம். என்னால் மாற்ற முடியாது என்றேன். உண்மையில் நான் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெரிய இடத்து ஆட்களிடம் தேதியை மாற்றச் சொல்ல எனக்குக் கூச்சம். இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

குழுவோடு நானும் போனபோது பட்டியலில் இருந்த நோயாளிகளில் ஒருவர்கூட வீட்டில் இல்லை. “வலை கட்டற எடத்துக்குப் போலாம் சார், அங்கதான் இருக்காங்க” என்று பாய் அவர்கள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் ஏறிவிட்டது, யாரும் இன்னும் தூரம் படகில் போகத் தயாராக இல்லை. படிவத்தில் இருந்தது இரண்டே கட்டம்: வீட்டில் இருக்கிறார், வீட்டில் இல்லை. இரண்டாவதில் நான்தான் டிக் அடித்தேன். பாடு என்று எழுத இடம் இல்லை, ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அடுத்த தவணையில் படகு வாடகை நின்றது. பாயின் வேலையும் போனது. நோயாளிகள் பழவேற்காட்டுக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும் என்று கடிதம் வந்தது. வந்து போக ஒரு நாள் பிழைப்பு போகும் என்பதைக் கடிதம் எழுதியவர் அறிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும்.

இறால் பிடிக்கும் ஒருவருக்கு அப்போது இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. சின்ன வயது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள். இருமல் நின்று உடம்பு தேறியிருந்தது. சம்பளம் இல்லாமலே பாய் சில வாரம் யார் யார் படகிலோ தொற்றிக்கொண்டு போய்க் கொடுத்தார். பிறகு ஐஸ் பேக்டரியில் வேலை கிடைத்தது, போக முடியவில்லை. அந்த மனிதருக்கு நோய் திரும்பியபோது பழைய மருந்துக்குக் கட்டுப்படவில்லை. சென்னையில் மாதக்கணக்கில் படுத்திருந்தார்; கடைசியில் குப்பத்துக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் மருந்துக்கு ஆன செலவில் எத்தனையோ நாள் படகு ஓட்டியிருக்கலாம். அது வேறு துறையின் கணக்கு. எங்கள் அட்டவணைக்குள் வரவேயில்லை. அவரும் பிழைக்கவில்லை.

போன மாதம் சந்தையில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இப்போது மீன் வியாபாரம். வேறொரு நிதிக்கு விண்ணப்பம் எழுத வந்திருக்கிறேன் என்றேன். மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்.

“அந்தாளு சம்சாரத்தப் பாத்தேன் மேடம். கடைசி வரைக்கும் ஏரில போட்டு சத்தம் கேட்டா, பாய் வந்துட்டாருன்னு எழுந்து உக்காருவாராம்.”

என்னைக் குற்றம் சொல்லும் குரலில்லை அது. அப்படிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் பையில் இருந்த விண்ணப்பத்தில், முந்தைய திட்டத்தில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் என்ற கேள்விக்கு அன்று காலைதான் அந்த மனிதரையும் சேர்த்து எண்ணிக்கை எழுதியிருந்தேன். அவர் எதையும் விடவில்லை. விட்டது நாங்கள்.

பாய் பெட்டியிலிருந்து நான்கு மடவைகளை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “இந்த வாட்டியாவது போட்டு வாடகைய மொதல்லயே எழுதிடுங்க மேடம்” என்றார். சரி என்றேன். எழுதுவேன். அந்த வரியை அவர்கள் அடித்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

பொன்னேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் மடியிலிருந்த பையை எட்டிப் பார்த்தார். “இன்னா மீனும்மா?” என்றார். மீன் இல்ல என்று வாய்வரை வந்துவிட்டது.